குவிந்த பழத்தில் பிறந்த காப்ளர்

பீச் காப்ளர் அமெரிக்கத் தென்மாநிலங்களின் கோடைக்காலப் பண்டம். ஆழமான தட்டில் நறுக்கிய பீச் பழத்தைச் சர்க்கரையோடு பரப்பி, மேலே மைதாவும் வெண்ணெயும் பாலும் சேர்ந்த மாவைக் கரண்டி கரண்டியாக இட்டு, பழச்சாறு கொதித்து மாவின் இடுக்குகளில் பொங்கி வரும்வரை ஓவனில் சுடுகிறார்கள். மேல் மாவு பொன்னிறமாக மொறுமொறுக்கும். அதன் அடிப்புறம் சாற்றில் ஊறி மெத்தென்று இருக்கும். இந்தப் பண்டத்துக்கு ஒரு பிறப்புக் கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகளிடம் முறையான ஓவன் இல்லை. ஆங்கிலப் புட்டிங் அவிக்கத் தேவையான பொருள்களும் இல்லை. கையில் கிடைத்த பழத்தைக் கையில் கிடைத்த மாவால் மூடி ஒப்பேற்றினார்கள். இல்லாமையே காப்ளரைப் பெற்றது என்பது அந்தக் கதை. கிடைக்கிற சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. அளவுக்கு மீறிக் காய்த்து, சில வாரங்களுக்குள் மொத்தமாகப் பழுத்து, விற்கவும் வைத்திருக்கவும் வழியில்லாமல் குவிந்த பழம்தான் பீச் காப்ளரைப் பிறப்பித்தது. அந்தக் குவியலை உண்டாக்கியவர்கள் யார், அது யார் கைக்குப் போனது என்ற கேள்வியைத் தொடாமல் காப்ளரின் வரலாற்றைச் சொல்ல முடியாது. இல்லாமைக் கதை அந்தக் கேள்வியை எழவே விடுவதில்லை. அதன் பெரிய குறை அதுதான்.

மரத்திலிருந்து தொடங்க வேண்டும். பீச் சீனாவின் மரம். யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஏறக்குறைய 7500 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தொடங்கினார்கள் என்பதை அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட கொட்டைகள் காட்டுகின்றன. பாரசீகம் வழியாக ரோமானியர்களை அடைந்து, ஐரோப்பா முழுவதும் பரவி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்களோடு கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அது பரவிய வேகத்துக்கு மரத்தின் இயல்பே பாதிக் காரணம். ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்தின் பழம் வராது. நல்ல பழம் வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டியாக வேண்டும். காய்க்கவும் பல ஆண்டுகள் பிடிக்கும். பீச் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிப்பது. அதனால் விதையில் முளைத்த கன்றும் தாயைப் பெரிதும் ஒத்திருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் காய்ப்புக்கு வந்துவிடும். தின்றுவிட்டு எறிந்த கொட்டையே தோப்பாகும். ஆனால், ஆப்பிளை நிலவறையில் மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதுபோலப் பீச்சை வைக்க முடியாது. மரத்தில் கனிந்த பீச் சில நாள்கள்கூடத் தாங்காது. இந்த இரண்டு குணங்களும் ஒரே மரத்தில் சேர்ந்ததுதான் விஷயத்தின் வேர். வளர்ப்பது எளிது, வைத்திருப்பது அரிது. பூ எடுக்கக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரக் குளிர் தேவைப்படும் மரம் என்பதால், தமிழ்நாட்டில் அது நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைகளை விட்டு இறங்கவில்லை. வட அமெரிக்காவின் தென்கிழக்கிலோ, போதிய குளிரும் நீண்ட கோடையும் சேர்ந்து, அதற்குச் சொந்த ஊர்போல ஆகிவிட்டது.

மீதிப் பாதிக் காரணம் மனிதர்கள். ஸ்பெயின்காரர்கள் ஃபுளோரிடாக் கடற்கரையில் ஊன்றிய பழம், அவர்கள் கால் படாத உள்நாட்டுக்கு அவர்களுக்கு முன்பே போய்விட்டது. கொண்டுபோனவர்கள் மஸ்கோகி, செரோக்கி முதலான பூர்வகுடி மக்கள். அவர்களுக்குள் ஏற்கெனவே இருந்த வணிகப் பாதைகளும், காட்டைத் திருத்திப் பயிர் செய்யும் வேளாண் அறிவும் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. கொட்டை தானாக எங்கும் முளைத்துக்கொண்டது என்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: பீச் வெயில் வேண்டும் மரம், அடர்ந்த காட்டு நிழலில் அது காய்க்காது. நிலத்தைத் திறந்து, களையெடுத்து, பழைய மரம் போனபின் புதியதை ஊன்றும் கை வேண்டும். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் 1683இல் எழுதிய கடிதத்தில், பூர்வகுடிகளின் தோட்டங்களில் பீச் இல்லாததே இல்லை என்று வியக்கிறார். இங்கிலாந்திலிருந்து வந்து கரோலினாவைச் சுற்றிப் பார்த்த ஜான் லாசன் 1709இல் வெளியிட்ட நூலில், பூர்வகுடிகளிடம் தாம் கண்ட பீச் வகைகளைப் பார்த்து அது அந்த மண்ணிலேயே தோன்றிய மரமாக இருக்கலாம் என்று எண்ணுகிறார். முடிவு தவறு; ஆனால் அந்தத் தவறே சான்று. 200 ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் ஒரு வெளிநாட்டு மரம் மண்ணின் மரமாகத் தோன்றும் அளவுக்கு அதை வேரூன்ற வைத்திருந்தார்கள் அவர்கள்.

அந்தக் காலத்துப் பீச் எவ்வளவு மலிந்து கிடந்தது என்பதற்கு இன்னும் அழுத்தமான சாட்சியங்கள் உண்டு. வர்ஜீனியாவின் வரலாற்றை எழுதிய ராபர்ட் பெவர்லி 1705இல் சொல்வது: சில பண்ணைக்காரர்கள் பன்றிகளுக்குத் தீனியாகவென்றே பெரிய பீச் தோப்புகளை வைத்திருந்தார்கள். பீச் கன்றுகளைக் களையெடுக்காவிட்டால் நிலம் முழுவதும் பீச் காடாகிவிடும் என்று லாசன் முறையிடுகிறார். மீந்த பழத்தை வெயிலில் உலர்த்தினார்கள். வடித்துப் பிராந்தி ஆக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டின் தென்பகுதிப் பண்ணைகளில் பீச் பிராந்தி அன்றாடச் சரக்கு. பன்றிக்குப் போட்டும், வடித்தும், உலர்த்தியும் தீராத ஒரு பழத்தை அடுப்படி எப்படிக் கையாளும்? எண்ணி எண்ணி நறுக்கி, அச்சில் அழகாக அடுக்கும் பண்டத்துக்கு அது போகாது. ஒரே வேளையில் கூடை கணக்கில் பழத்தை விழுங்கும் பெரிய பாத்திரச் சமையலுக்குத்தான் போகும்.

காப்ளர் அச்சில் முதன்முதலாகத் தெளிவாகத் தென்படும் இடமும் அதையே சொல்கிறது. லெட்டிஸ் பிரையன் என்ற பெண்மணி 1839இல் வெளியிட்ட ‘கென்டக்கி ஹவுஸ்வைஃப்’ என்ற பெரிய சமையல் நூலில், பானையில் சுடும் பீச் பண்டம் ஒன்றின் குறிப்பு இருக்கிறது; அதைக் காப்ளர் என்றும் வழங்குவார்கள் என்று அவரே சொல்கிறார். அந்தக் குறிப்பை நிதானமாகப் படிக்க வேண்டும். பழம் கொட்டையோடு ஒட்டிய ரகமாகவும் மிகவும் கனிந்ததாகவும் இருக்க வேண்டும். தோல் சீவி, கொட்டையிலிருந்து துண்டு துண்டாக அரிந்தெடுக்க வேண்டும். பானையின் உட்புறம் முழுவதும் மாவை விரித்து, பழத்தைக் கொட்டி, பெரிய கைப்பிடி அளவு பழுப்புச் சர்க்கரை தூவி, பழம் தீயாமல் வேகும் அளவுக்குத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, மேலேயும் மாவால் மூட வேண்டும். மிதமான சூட்டில் சுட்டு, நடுநடுவே மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வெந்தபின் மேல் மாவைப் பெரிய தட்டில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் பழத்தைப் பரப்பி, வெள்ளைச் சர்க்கரையைத் துருவித் தூவ வேண்டும். விருந்தாளிகளுக்கு வைக்கும் நாகரிகமான பண்டம் இது இல்லையென்றாலும், வீட்டாருக்குக் குளிர்ந்த பாலோடு மிக நன்றாக இருக்கும் என்று முடிக்கிறார். இதில் இல்லாமை எங்கே இருக்கிறது? பானை முழுவதும் தடித்த மாவு, மேலும் கீழும் கோதுமை, இரண்டு வகைச் சர்க்கரை, பால். பழத்தின் அளவோ கேட்கப்படவே இல்லை, பானை கொண்டமட்டும் போட வேண்டியதுதான். ‘மிகவும் கனிந்த’ என்ற நிபந்தனை எல்லாவற்றையும்விட முக்கியம். சந்தைக்கு ஏற்ற முடியாத, இன்றைக்கு விட்டால் நாளைக்கு அழுகிவிடும் பழத்தைத்தான் அவர் கேட்கிறார். பழத்துக்குப் பஞ்சப்பட்டவர் இப்படிக் கேட்க மாட்டார்.

பாத்திரத்தைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. செங்கல் ஓவன் இல்லாதவர்கள்தானே வார்ப்பிரும்புச் சட்டியில் சுட்டிருப்பார்கள், அது ஏழ்மையின் அடையாளம் இல்லையா என்று கேட்கலாம். டச்சு ஓவன் என்று வழங்கிய அந்தச் சட்டி மூன்று கால்களோடும், விளிம்பு உயர்ந்த தட்டையான மூடியோடும் இருக்கும். அடியில் தணல், மூடியின் மேலும் தணல். நம் ஊரில் பிரியாணிக்குத் தம் போடுவதைப் போலவே மேலும் கீழும் சூடு ஏறும். அது ஏழைகளின் கைச்சாமான் மட்டும் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டனின் தாயார் 1788இல் எழுதிய உயிலில் தம் சமையலறை இரும்புச் சாமான்களைப் பேரப்பிள்ளைகளுக்கு முறையாகப் பங்கிட்டு எழுதி வைத்திருக்கிறார். சொத்தாக எண்ணப்பட்ட பொருள் அது. உட்புறம் மாவு விரிக்கும் வழக்கத்தையும் இந்தச் சட்டியே விளக்குகிறது என்று கருதுகிறேன். கீழே நேரடியாகத் தணல் இருக்கும்போது சர்க்கரை கலந்த பழம் இரும்பில் பட்டால் கருகும். இடையே தடித்த மாவு இருந்தால் அது சூட்டை வாங்கிக்கொள்ளும். பார்ட்லெட் தொகுத்த அமெரிக்கச் சொல்லகராதியின் 1859ஆம் ஆண்டுப் பதிப்பு, மிகத் தடித்த மாவு விரித்த பானையில் பழத்தை வைத்துச் சுடுவது என்றே காப்ளரை விளக்குகிறது. அடிமாவு இல்லாததுதான் அசல் காப்ளர் என்று இன்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். சான்றுள்ள பழைய காப்ளர்களுக்கு அடிமாவு இருந்தது.

இன்னொரு மறுப்பு மேற்குப் பாதைகளிலிருந்து வருகிறது. கலிஃபோர்னியாவுக்கும் ஆரெகனுக்கும் வண்டி கட்டிப் போனவர்களும், 1866இல் சார்லஸ் குட்நைட் வடிவமைத்த சமையல் வண்டியோடு மந்தை ஓட்டிய மாட்டுக்காரர்களும் திறந்த வெளியில் தணலிட்டுக் காப்ளர் சுட்டார்கள். அங்கே வசதி ஏது? உண்மைதான், அங்கே இல்லாமை இருந்தது. ஆனால் அவர்கள் பண்டத்தை அங்கே கண்டுபிடிக்கவில்லை, வீட்டிலிருந்து எடுத்துப் போனார்கள். அவர்கள் சட்டியில் இட்ட உலர் பீச், கிழக்கே எங்கோ தோப்பில் மீந்த பழம். வண்டிக்காரர்கள் தோன்றுவதற்கு முன்பே கென்டக்கியின் குடும்பச் சமையலில் பண்டம் நிலைபெற்றுவிட்டது. பாதையில் எளிமையானதை வைத்து, அது பாதையில் பிறந்தது என்று சொல்லக்கூடாது. பிறகு ஏன் இல்லாமைக் கதை இவ்வளவு செல்வாக்குப் பெற்றது? உழைத்து முன்னேறிய குடியேறி என்ற பெருமிதத்துக்கு அது பொருந்தி வருகிறது. வெறும் நிலத்தில் வந்து இறங்கி, வெறும் கையால் ஆக்கிக் கொண்டோம் என்ற நம்பிக்கையை அது காக்கிறது. நிலம் வெறுமையாக இருக்கவில்லை, தோப்புகள் இருந்தன.

அந்தத் தோப்புகளுக்கு என்ன ஆனது என்பது பதிவாகியிருக்கிறது. 1779இல் அமெரிக்கத் தளபதி ஜான் சல்லிவனின் படை நியூயார்க் பகுதியில் ஹோடனோஷோனி மக்களின் ஊர்களை எரித்தபடி முன்னேறியது. கயூகா ஏரிக்கரையில் பீச் தோப்புக்குப் பெயர்பெற்ற ஓர் ஊரில், பழம் தாங்கி நின்ற சுமார் 1500 மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். 1864இல் அரிசோனாவின் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் நவஹோ மக்களின் பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் அமெரிக்கப் படை வெட்டியது. சரணடைய வைக்க மரத்தை வெட்டினால் போதும் என்று படைத்தலைவர்கள் கணக்குப் போட்டதே, அந்த மக்களின் வாழ்வில் பீச் எந்த இடத்தில் இருந்தது என்பதற்குச் சான்று. தெற்கே முறை வேறு. ஜார்ஜியாவில் ஆக்மல்கி, ஃபிளின்ட் ஆறுகளுக்கு இடையிலான நிலத்தை 1821ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மஸ்கோகி மக்களிடமிருந்து எழுதி வாங்கினார்கள். 1830இல் வந்த வெளியேற்றச் சட்டத்துக்குப் பின் தென்கிழக்கின் பூர்வகுடிகள் மிசிசிப்பிக்கு மேற்கே துரத்தப்பட்டார்கள். பிற்காலத்தில் ‘ஜார்ஜியா பீச்’ என்று உலகம் அறிந்த பழத்தின் தலைவாசல், இந்த இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள அதே நிலம்தான்.

குவியலைப் பண்டமாக்கிய கைகளும் கதையில் காணாமல் போனவைதான். கொட்டையோடு ஒட்டிய பீச்சை அரிந்தெடுப்பது கடினமான வேலை. கத்தியைக் கொட்டையைச் சுற்றி ஓட்ட வேண்டும், கை முழுவதும் சாறு வழியும், பானை நிறையப் பழம் என்றால் காலைப் பொழுதே போய்விடும். 1830 கணக்கெடுப்பில் கென்டக்கியின் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அடிமைப்படுத்தப்பட்டவர். பிரையனின் நூல், வேலையாட்களை வைத்து நடத்தும் வீட்டு எஜமானியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அப்படிப்பட்ட வீடுகளில் தணலைக் கிளறியவரும் மூடியைத் தூக்கிப் பார்த்தவரும் பெரும்பாலும் எஜமானியாக இருந்திருக்க மாட்டார். அந்தச் சமையல்காரர்களின் பெயர்கள் நூல்களில் ஏற நெடுநாள் ஆயிற்று. தென் கரோலினாவில் அடிமைத்தனத்தில் பிறந்து, மொபீல் நகரில் வாழ்ந்து, பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்த ஏபி ஃபிஷர், 1881இல் தெற்கத்திச் சமையல் நூலொன்றை வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாததால் அவர் வாயால் சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். கைப்பக்குவமாகவே இருந்த பெரிய அறிவுச் செல்வத்திலிருந்து ஒரு பிடி அப்படித்தான் ஏட்டில் ஏறியது. மீதி, தாயிடமிருந்து மகளுக்குப் போனது.

பிரையனின் பானைக்கும் இன்றைய தட்டுக்கும் இடையே மாவு மாறியதை விரைவாகச் சொல்லிவிடலாம். 1846 முதல் சமையல் சோடா பொட்டலமாக விற்பனைக்கு வந்தது. 1856இல் ஈபன் ஹார்ஸ்ஃபர்ட் பெற்ற காப்புரிமையைத் தொடர்ந்து பேக்கிங் பவுடர் பெருகியது. அதற்கு முன் மாவை மென்மையாக்கக் கொழுப்பும் கைவலுவும் வேண்டும். இப்போது ஒரு கரண்டிப் பொடி போதும், மாவு தானே உப்பும். கணப்படுப்பை விட்டு இரும்பு அடுப்புக்கு மாறியதும், நாலு பக்கமும் சூழ்ந்த சூட்டில் பழத்துக்கு அடியில் மாவுக் கவசம் தேவைப்படவில்லை. சாற்றில் ஊறிப் பிசுபிசுக்கும் அடிமாவைக் கைவிட்டார்கள். 1870களுக்குப் பின் உருளை ஆலைகள் வெள்ளை மாவின் விலையை இறக்கின. டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் 1883இல் தொடங்கிய ஒயிட் லில்லி ஆலை, குளிர்கால மென்கோதுமையை நைஸாக அரைத்துக் கொடுத்தது; தெற்கத்தி பிஸ்கட் மாவுக்கும், அதன்வழி காப்ளர் மேல்மாவுக்கும் அது பேர்போனது. மாவு விரித்த பானை, உப்பிய மாவு மிதக்கும் தட்டாக மாறியது இப்படித்தான்.

பழம் மாறிய கதைதான் கனமானது. ஜார்ஜியாவின் மார்ஷல்வில் ஊரில், மஸ்கோகி மக்கள் இழந்த அந்த ஆற்றிடை நிலத்தில், சாமுவேல் ரம்ஃப் என்ற பண்ணைக்காரர் 1870களில் ஒரு புதிய பீச்சைக் கண்டெடுத்தார். சீனாவிலிருந்து 1850 வாக்கில் வந்த ‘சைனீஸ் கிளிங்’ என்ற ரகத்தின் விதையில் முளைத்த கன்று அது. மஞ்சள் சதை, கொட்டையிலிருந்து எளிதில் கழலும் பெரிய பழம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தூரப் பயணத்தைத் தாங்கும் உறுதி. மனைவியின் பெயரால் எல்பெர்டா என்று பெயரிட்டார். பனிக்கட்டி வைத்த பெட்டிகளில் நியூயார்க் சந்தைக்கு ரயிலில் அனுப்பும் வழியையும் அவர் உருவாக்கினார். பன்றிக்குப் போட்ட பழம் அதற்குப்பின் பணப்பயிர். பருத்தியில் களை வெட்டி முடிந்து பஞ்செடுக்கத் தொடங்கும்வரை உள்ள இடைவெளியில் பீச் பழுத்ததால், பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பினத் தொழிலாளர்களையே குறைந்த கூலிக்குப் பீச் பறிக்கவும் பெட்டி கட்டவும் இறக்க முடிந்தது. 1924இல் பீச் என்றே பெயர் சூட்டிய ஒரு மாவட்டத்தை ஜார்ஜியா உருவாக்கியது. 1928இல் மாநிலத்தின் விளைச்சல் ஏறக்குறைய 80 லட்சம் புஷலைத் தொட்டது. இனி எல்லாம் ரயிலுக்குத்தானே, மிகுதி எங்கே என்று கேட்கலாம். ரயிலுக்குப் போனது காயும் பழமுமாகப் பறித்தது. மரத்திலேயே கனிந்ததையும், அடிபட்டதையும், உருவம் தவறியதையும் சந்தை ஏற்கவில்லை. பெட்டி கட்டும் கொட்டகைகளைச் சுற்றியிருந்த ஊர்களில், பிரையன் கேட்ட அதே நிலைப் பழம் தொடர்ந்து குவிந்தது. தோப்புகள் வணிகமான பிறகும் காப்ளர் அழியாததற்கு இந்தக் கழிவுப் பழமே காரணம்.

இங்கே என் வாதத்துக்கு எதிராக நான் மதிக்கும் ஒரு மறுப்பு நிற்கிறது. மிகுதி மிகுதி என்கிறாயே, குத்தகை நிலத்தில் உழுத கறுப்பினக் குடும்பத்துக்கு மிகுதி எங்கே இருந்தது? வெள்ளை மாவும் சர்க்கரையும் பண்ணைக் கடையில் கடனுக்கு வாங்க வேண்டியவை. வாரம் முழுவதும் சோளரொட்டிதான் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். இந்த மறுப்பு சரியானது; அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும். பழம் மலிவு, பழத்தை மூடும் மாவும் சர்க்கரையும் மலிவு இல்லை. ஆனால் இதிலிருந்து காப்ளர் இல்லாமையில் பிறந்தது என்று ஆகாது. அது ஞாயிற்றுக்கிழமைக்கும் தேவாலய விருந்துக்கும் உரிய பண்டமாக உயர்ந்தது என்றே ஆகிறது. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நினைத்துப் பார்க்கலாம். 1839இல் விருந்தாளிக்கு வைக்கத் தகாதது என்று எழுதப்பட்ட பண்டம், அதைச் சமைத்துப் பரிமாறியவர்களின் பேரப்பிள்ளைகளிடத்தில் விருந்தின் சிகரமாயிற்று. பெரிய தட்டில் ஒன்றாகச் சுட்டு எத்தனை பேர் வந்தாலும் கரண்டியால் எடுத்து வைக்கலாம் என்ற வசதி கூட்டு விருந்துக்குப் பொருந்தியது. அதோடு, பிறர் தோப்பில் கூலிக்குப் பறித்த பழத்தைத் தங்கள் கூட்டத்துக்காகத் தங்கள் கையால் ஆக்கிப் படைப்பதில் ஓர் உரிமை இருக்கிறது. காப்ளரின் வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான்.

பழுத்த பருவத்தைத் தாண்டியும் அந்த விருந்து நடந்ததற்கு ஜாடி உதவியது. ஜான் மேசன் 1858இல் காப்புரிமை பெற்ற திருகுமூடிக் கண்ணாடி ஜாடி பரவியபோது, கோடையில் குவிந்த பழத்தைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்து அடைத்துக் குளிர்காலம் வரை வைக்க முடிந்தது. 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டத்தின் கீழ், ஊர் ஊராகச் சென்ற அரசுப் பயிற்சியாளர்கள் அடைக்கும் முறையைப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், கலிஃபோர்னியாவின் ஆலைகள் கொட்டையோடு ஒட்டிய ரகங்களைத் தகர டப்பாவில் அடைத்து நாடு முழுவதும் நிரப்பின. கொதித்தாலும் குழையாத சதை என்பதால் ஆலைக்கு அதுவே உகந்தது. 1910 முதல் 1970 வரை ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டுச் சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் என்று குடிபெயர்ந்தார்கள். தோப்பு பின்னால் நின்றுவிட்டது. பண்டம் கூடப் போனது. 1962இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தொடங்கிய சில்வியாஸ் போன்ற உணவகங்களில் பீச் காப்ளர் இல்லாத சாப்பாடு முழுமையாகாது என்ற நிலை வந்தது. டப்பாப் பழத்தில் செய்வது போலி என்று தூய்மை பேசுவோரை நான் ஏற்கவில்லை. டப்பாவும் மிகுதியை அடைத்து வைத்த பாத்திரம்தான்.

இன்று வீட்டில் சுடும் முறையைக் கவனித்தாலும் பழைய குவியலின் தடம் தெரியும். எட்டுப் பத்துப் பழத்தைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்துக் குளிர்நீரில் இட்டால் தோல் உரிந்து வரும். கனியாத பழத்தில் இது நடக்காது. துண்டுகளைச் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, சிறிது சோளமாவு, பட்டைப் பொடி அல்லது ஜாதிக்காயோடு பிசிறி வைத்தால் சாறு விடும். பழத்தை முதலில் ஓவனில் சூடேற்றிய பிறகே மேல்மாவை இட வேண்டும். குளிர்ந்த பழத்தின்மேல் இட்டால் மாவின் அடிப்புறம் வேகாமல் பச்சையாக நிற்கும். 190 டிகிரி செல்சியஸில் நாற்பது நிமிடம் வாக்கில் மேற்புறம் சிவந்து சாறு கெட்டியாகப் பொங்கும். இன்னொரு முறை கரைசல் மாவு: உருக்கிய வெண்ணெய் நிறைந்த தட்டில், பேக்கிங் பவுடர் கலந்த மாவு ஒரு கோப்பை, சர்க்கரை ஒரு கோப்பை, பால் ஒரு கோப்பை கரைத்து ஊற்றி, மேலே பழத்தைப் போட்டுக் கிளறாமல் சுடுவது. பொடி கிளப்பும் வாயுவால் மாவு மேலே எழ, பழம் கீழே அமிழும். இந்த இரண்டாவது முறையில் மாவைப் பழத்துக்கு நிகராக ஊற்றுகிறார்கள். பழம் விலை ஏறி, மாவும் சர்க்கரையும் விலை இறங்கிய நூற்றாண்டின் கணக்கு அது. பிரையன் பானையில் ஒரு கைப்பிடி சர்க்கரைக்கு ஒரு பானைப் பழம் இருந்தது.

அந்தக் கணக்கு இனி எப்படிப் போகும் என்பது குளிர்காலங்களின் கையில் இருக்கிறது. 2017இல் குளிர் போதாமல் ஜார்ஜியாவின் பீச் விளைச்சலில் பெரும்பகுதி போயிற்று. 2023இல் வெதுவெதுப்பான குளிர்காலமும் அதைத் தொடர்ந்த பின்பனியும் சேர்ந்து மாநிலத்தின் விளைச்சலில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழித்தன. விளைச்சலில் இன்று முதலிடம் கலிஃபோர்னியாவுக்கு. தென் கரோலினாவே ஜார்ஜியாவை முந்திவிட்டது. ஜார்ஜியாவின் பைரன் ஊரிலுள்ள அரசு ஆய்வு நிலையமும், 1950களிலிருந்து இந்த வேலையைச் செய்துவரும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் குறைந்த குளிரிலேயே பூக்கும் ரகங்களை உருவாக்கி வருகின்றன. ஃபுளோரிடாவில் வெளியிட்டவற்றில் பல, மரத்தில் கனியவிட்டுப் பறித்தாலும் குழையாத சதையும் கொட்டையோடு ஒட்டிய இயல்பும் கொண்டவை. எல்பெர்டாவுக்குப் பின் கத்திக்கு வேலை குறைந்திருந்த தெற்கத்திச் சமையலறைகளில், கொட்டையைச் சுற்றி அரிந்தெடுக்கும் வேலையை அந்த ரகங்கள் மறுபடி கேட்கும்.